உடலுக்குள் வைக்கும் பொருளை உடல் எப்படி ஏற்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முள் குத்தினால் உடல் என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடம் சிவக்கும், வீங்கும், சீழ் கட்டும், கடைசியில் முள்ளை வெளியே தள்ளும். ஆனால் அதே உடல், தொடை எலும்புக்குள் இறக்கிய ஒரு சாண் நீள உலோகத் தண்டை இருபது வருடம் பேசாமல் சுமக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான், உடலுக்குள் வைக்கும் பொருட்களை ஆராயும் மருத்துவப் பொருளறிவியலின் மையக் கேள்வி. மூட்டு மாற்று, பல் இம்பிளாண்ட், ஸ்டென்ட் (அடைபட்ட ரத்தக்குழாயை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழாய்) என்று ஏதாவது ஒன்றை எதிர்கொள்பவர்களும், இந்தத் துறையைப் படிக்க வரும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

உடல் ஒரு பொருளை ஏற்றுக்கொண்டது என்று எப்போது சொல்லலாம்?

இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில், உடல் அந்தப் பொருளைச் சுற்றி நார்த்திசுவால் ஒரு உறை கட்டி ஒதுக்கி வைத்துவிடும். போரில் பாய்ந்த குண்டுச்சில்லு ஐம்பது வருடம் ஒருவர் உடம்பில் கிடப்பது இப்படித்தான். வலி இருக்காது, தொந்தரவு இருக்காது, ஆனால் உறவும் இருக்காது. இரண்டாவது நிலையில், காயம் அந்தப் பொருளின் மேற்பரப்பு வரை வந்து ஆறும். எலும்பு என்றால் எலும்பே வந்து ஒட்டும். ரத்தக்குழாய் என்றால் குழாயின் உள்தோல் அதன்மேல் படரும்.

பல வருடங்களாக முதல் நிலையே போதும் என்று நினைத்தார்கள். சில இடங்களில் இன்றும் அது போதும். ஆனால் எடை தாங்க வேண்டிய இடத்தில், ரத்தம் ஓடும் இடத்தில், சென்சார் வைத்துத் தகவல் வாங்க வேண்டிய இடத்தில், ஒதுக்கி வைக்கப்பட்ட பொருள் வேலை செய்யாது. என்னைக் கேட்டால், சுற்றிலும் ஆறியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பொறுத்துக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பாதிக் கேள்வி.

சிறுநீரக மாற்றில் "உடல் நிராகரித்துவிட்டது" என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. மாற்று உறுப்பில் வேறொருவரின் செல்கள் இருக்கின்றன. அவற்றின் புரத அடையாளங்களை நம் நோய் எதிர்ப்பு மண்டலம் கண்டுபிடித்துத் தாக்குகிறது. டைட்டானியத்திலோ பிளாஸ்டிக்கிலோ அப்படி அடையாளம் எதுவும் கிடையாது. அதனால்தான் மூட்டு மாற்றியவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டியதில்லை. பன்றி, மாட்டுத் திசுவிலிருந்து செய்யும் இதய வால்வுகளைக்கூட குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் பதப்படுத்தி, அந்த அடையாளங்களைப் பெருமளவு மறைத்துவிட்டுத்தான் பொருத்துகிறார்கள்.

நிக்கல் ஒவ்வாமை தனி விஷயம். அறுவை சிகிச்சையில் பயன்படும் துருப்பிடிக்காத எஃகில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கும். கம்மல், கைக்கடிகாரப் பட்டை பட்டாலே தோல் தடித்து அரிக்கும் என்றால், அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

உள்ளே வைத்த நொடியிலிருந்து என்னதான் நடக்கிறது?

முதல் சில நொடிகளிலேயே ரத்தத்தில் இருக்கும் புரதங்கள் வந்து மேற்பரப்பில் படிந்துவிடும். முதலில் வருவது ஏராளமாகவும் வேகமாகவும் திரியும் ஆல்புமின் போன்றவை. அப்புறம், மேற்பரப்பை இறுகப் பிடிக்கக்கூடிய பெரிய புரதங்கள் வந்து அவற்றைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும். இந்த இடமாற்றத்துக்கு, அதைக் கண்டறிந்த ரத்த ஆய்வாளர் லியோ விரோமனின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது.

பின்னால் வரும் எந்தச் செல்லும் உலோகத்தை நேராகத் தொடுவதில்லை. அது தொட்டுப் பார்ப்பது இந்தப் புரதப் படலத்தை. புரதம் தன் இயல்பான வடிவில் படிந்திருந்தால் செல் அதை ஒரு விதமாகப் புரிந்துகொள்ளும். நசுங்கி, மடிப்பு குலைந்து படிந்திருந்தால் "இங்கே ஏதோ சரியில்லை" என்று புரிந்துகொள்ளும். அதனால் இம்பிளாண்ட்டை, அதாவது உடலுக்குள் வைக்கும் பொருளை, வடிவமைப்பவர் உண்மையில் வடிவமைப்பது, எந்தப் புரதம் எப்படிப் படிய வேண்டும் என்பதைத்தான்.

அடுத்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் எனும் வெள்ளை அணுக்கள் வரும். அவை ஓரிரு நாளில் ஓய்ந்தபின் மேக்ரோஃபேஜ்கள் எனும் இன்னொரு வகைப் பாதுகாப்புச் செல்கள் வரும். குப்பையை விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. ஆனால் தன்னைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய ஒரு ஸ்குரூவை எப்படி விழுங்குவது? முடியாதபோது அவை ஒன்றோடொன்று கலந்து, பல கருக்கள் கொண்ட ராட்சத செல்களாக மாறும். அமிலத்தையும் நொதிகளையும் அந்தப் பரப்பின்மேல் கொட்டும். கூடவே, நார்த்திசு கட்டும் செல்களுக்கு ஆள் அனுப்பும். சில வாரங்களில் கொலாஜன் உறை தயார்.

ஆனால் இதே மேக்ரோஃபேஜ்கள் சண்டை மனநிலையிலிருந்து சீரமைக்கும் மனநிலைக்கு மாறினால், அவைதான் புதிய ரத்தக் குழாய்களை வரவழைக்கின்றன, திசுவைக் கட்டவைக்கின்றன. எதிரியை ஒழிப்பது என்ற சிந்தனையை விட்டுவிட்டு, இந்த மாற்றத்தைச் சரியான நேரத்தில் நடக்கவைப்பது எப்படி என்று இன்றைய ஆய்வாளர்கள் யோசிப்பது எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். வீக்கமே வரக்கூடாது என்றால் ஆறுதலும் வராது.

டைட்டானியத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோனமார்க் 1950களின் தொடக்கத்தில் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காக ஒரு சிறிய டைட்டானியக் கருவியை எலும்புக்குள் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்ததும் அதைக் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றிப்போயிருந்தது. அவர் இதைத் தொல்லையாக நினைத்து ஒதுக்காமல் பின்தொடர்ந்தார். 1965இல் முதல் நோயாளிக்கு டைட்டானியப் பல் வேர்களைப் பொருத்தினார்.

டைட்டானியம் உண்மையில் வேகமாக வினைபுரியும் உலோகம். காற்றோ நீரோ பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். கீறினால் உடனே மறுபடி போர்த்திக்கொள்ளும். உடலின் உப்பு நீரில் உலோக அயனிகள் கசியாமல் காப்பது இந்தப் படலம். எலும்பின் கால்சியமும் பாஸ்பேட்டும் வந்து சேர்வதற்கு இடம் கொடுப்பதும் இதுதான். ஆக, உடல் பழகுவது டைட்டானியத்தோடு என்பதைவிட டைட்டானியம் டை ஆக்சைடோடு என்று சொல்வதே சரி.

ஆனாலும் பொருளுக்கு மட்டும் பெருமை கொடுக்கக் கூடாது. துளையிடும்போது எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எத்தனை உயர்ந்த உலோகமாக இருந்தாலும், கருகிய எலும்பில் வைத்தால் ஒட்டாது. துளையிடும்போது உப்பு நீர் விட்டுக் குளிர்விப்பது இதற்காகத்தான்.

எதோடும் வினைபுரியாத பொருளாகப் பார்த்து வைத்துவிட்டால் போதாதா?

சில இடங்களில் போதும். இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் பெர்ஸ்பெக்ஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மேற்கூரை நொறுங்கி, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. கண்ணாடித் துண்டுகளைப் போல அவை கண்ணைப் புண்ணாக்கவில்லை. இதைக் கவனித்த லண்டன் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி, அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து 1949இல் கண்ணுக்குள் வைத்தார். இன்று கண்புரை அறுவை சிகிச்சையில் வைக்கும் லென்ஸ்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எலும்பின் கதை வேறு. எலும்பு தினமும் அழிந்து தினமும் கட்டப்படும் திசு. அதற்குப் பேச்சுத்துணை வேண்டும். அமெரிக்காவின் பொருளறிவியலாளர் லாரி ஹென்ச், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியிடம் 1967இல் பேருந்தில் பேசிக்கொண்டிருந்தார். உடல் தள்ளிவிடாத ஒரு பொருளைச் செய்ய முடியாதா என்று அந்த அதிகாரி கேட்டார். எலும்பில் இருக்கும் பொருளையே கண்ணாடியில் கலந்தால் என்ன என்று ஹென்ச் யோசித்தார். 1969இல் பிறந்தது பயோகிளாஸ். எடையில் 45 சதவீதம் சிலிக்கா, 24.5 சதவீதம் சோடியம் ஆக்சைடு, 24.5 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, 6 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு.

ஜன்னல் கண்ணாடியைவிட இதில் சிலிக்கா குறைவு, அதனால் உடலில் மெதுவாகக் கரையும். சோடியம் வெளியேறும், மேற்பரப்பில் சிலிக்கா கூழ் போல ஆகும், அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் தாதுவை ஒத்த படிகமாக மாறும். எலும்பு செல்கள் வந்து பார்க்கும்போது அங்கே அந்நியக் கண்ணாடி இருக்காது, பழகிய தாது இருக்கும். உடலோடு வினைபுரிவது குற்றமல்ல, வினை எது என்பதே முக்கியம் என்பதை இந்தக் கண்ணாடி காட்டிவிட்டது. ஒரே குறை, இது சட்டென்று உடையும். எடை தாங்கும் இடத்தில் தனியாக வைக்க முடியாது. அதனால் குழி நிரப்பும் துகள்களாக, பூச்சாகப் பயன்படுகிறது.

மேற்பரப்பைப் பளபளவென்று மெருகேற்றினால் நல்லதுதானே?

எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூட்டின் பந்து கண்ணாடிபோல வழவழப்பாக இருக்க வேண்டும். அதே மூட்டின் தண்டு எலும்பைத் தொடும் இடத்தில் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பல் இம்பிளாண்ட்களை மணல் வீசியும் அமிலத்தில் அரித்தும் ஒன்றிரண்டு மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேடுபள்ளம் வரவைக்கிறார்கள். ரத்தக் கட்டி அதில் பிடித்துக்கொள்ளும், எலும்பு செல்கள் அந்தக் கட்டியின் இழைகள் வழியாக ஊர்ந்து வரும்.

எலும்பு உள்ளேயே வளர வேண்டும் என்றால் துளைகள் வேண்டும். நூறு மைக்ரானுக்குக் குறைவான துளையில் எலும்பும் ரத்தக்குழாயும் புகத் திணறும். சில நூறு மைக்ரான் வசதியானது. முப்பரிமாண அச்சு வந்தபின் இத்தகைய கடற்பஞ்சு போன்ற உலோகத்தை அச்சிடுவது சாத்தியமாகிவிட்டது.

ஆனால் ஆரம்ப வாரங்களில் ஸ்குரூ ஆடக் கூடாது. ஏறக்குறைய 150 மைக்ரானுக்கு மேல் அசைந்துகொண்டிருந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். "மூன்று மாதம் அந்தப் பக்கம் கடிக்காதீர்கள்" என்று பல் மருத்துவர் சொன்னால் அதற்கு இதுவே காரணம்.

எலும்பைவிடப் பலமடங்கு உறுதியான உலோகம் வைப்பது பாதுகாப்புதானே?

உடைந்துபோகாமல் இருக்க உறுதி வேண்டும், சரி. ஆனால் விறைப்பு, அதாவது வளைந்துகொடுக்காத தன்மை, அதிகமாவது எலும்புக்குக் கெடுதல். விறைப்பை அளக்கும் கணக்கில் கெட்டி எலும்பு 10 முதல் 30 கிகாபாஸ்கல் வரை வரும். டைட்டானியம் சுமார் 110, எஃகு சுமார் 200, கோபால்ட்-குரோமியம் அதற்கும் மேல். இரண்டும் சேர்ந்து பாரம் சுமக்கும்போது விறைப்பானதே பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். எலும்புக்கு வேலை குறையும். வேலையில்லாத எலும்பு மெலியும் என்பதை 1892இலேயே ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதிவைத்தார். மெலிந்த எலும்பில் தண்டு தளரும்.

இதனால் நயோபியம், டான்டலம் சேர்த்து விறைப்பைக் குறைத்த டைட்டானியக் கலவைகளும், துளையுள்ள உலோகங்களும் வந்தன. பீக் என்ற பிளாஸ்டிக்கின் விறைப்பு 3 அல்லது 4 கிகாபாஸ்கல்தான். ஆனால் எலும்பு அதில் எளிதில் ஒட்டாது, மேலே டைட்டானியம் பூச வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இழுக்கும். இந்தத் துறையில் பாதி நாள் இந்த இழுபறியிலேயே போகும்.

ஒரு பொருள் பாதுகாப்பானது என்று நிரூபித்த பிறகும் ஏன் தோல்விகள் வருகின்றன?

இதற்கு நல்ல பாடம் ஜான் சார்ன்லியின் அனுபவம். பிரிட்டனைச் சேர்ந்த இந்த எலும்பு மருத்துவர் 1950களின் பிற்பகுதியில் இடுப்பு மூட்டுக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். எதிலும் ஒட்டாத, எதோடும் வினைபுரியாத பொருள். கட்டியாக உடலில் வைத்தால் ஒன்றும் செய்யாது. ஆனால் நடக்க நடக்க அது தேய்ந்து பொடியானது. அந்தப் பொடி திசுவைப் புண்ணாக்கி எலும்பை அரித்தது. சில வருடங்களுக்குள் நோயாளிகள் வலியோடு திரும்பிவந்தார்கள். சார்ன்லி அவர்களுக்கு மறுபடி அறுவை சிகிச்சை செய்தார். பொருளின் துகள்களைத் தன் தொடைக்குள்ளேயே வைத்தும் சோதித்துப் பார்த்தார். 1962இல் மிக உயர் மூலக்கூறு எடையுள்ள பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதுதான் நிலைத்தது. தன் தவறை மறைக்காமல் அவர் எதிர்கொண்ட விதத்துக்காகவே அவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

கட்டியாக இருக்கும் பொருளை ஏற்கும் உடல், அதே பொருள் பொடியானால் ஏற்காது. மைக்ரான் அளவுத் துகளை மேக்ரோஃபேஜால் விழுங்க முடியும், ஆனால் செரிக்க முடியாது. விழுங்கிய செல் அபாயச் செய்தி அனுப்பும். அதைக் கேட்டு எலும்பைத் தின்னும் செல்கள் கிளம்பிவரும். பாலிஎத்திலீனிலும் இதே பிரச்சினை மெதுவாகத் தலைகாட்டியது. கதிர்வீச்சால் அதன் இழைகளைக் குறுக்கே பிணைத்து, 1990களின் இறுதியிலிருந்து தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தார்கள். தேய்மானத்தைத் தவிர்க்க உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளையும் போட்டார்கள். அவற்றில் சில வகைகளிலிருந்து கோபால்ட், குரோமியம் அயனிகள் கசிந்து சுற்றுத் திசுவைச் சிதைத்தன. 2010இல் அத்தகைய மூட்டு வகை ஒன்று உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

ரத்தத்தோடு தொடர்பில் இருக்கும் வால்வு, ஸ்டென்ட் விஷயத்தில் என்ன வேறுபாடு?

அங்கே முதல் எதிரி ரத்த உறைவு. இயந்திர வால்வுகளில் பைரோலிட்டிக் கார்பன் என்ற ஒருவகைக் கார்பனைப் பூசுகிறார்கள். உறைவை அது குறைக்கிறது, ஆனால் நிறுத்துவதில்லை. அதனால் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டியிருக்கிறது.

வெறும் உலோக ஸ்டென்ட் வைத்த சிலருக்குக் குழாய்ச் சுவரின் தசை செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து குழாயை மறுபடி அடைத்தன. காயம் தேவைக்கு அதிகமாக ஆறியது என்று சொல்லலாம். அதைத் தடுக்க 2000களின் தொடக்கத்தில் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்தன. அடைப்பு குறைந்தது. ஆனால் அந்த மருந்து நல்ல உள்தோல் படர்வதையும் தாமதப்படுத்தியது. மூடப்படாத கம்பியில் பல மாதம் கழித்தும் ரத்தம் உறையலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது என்று அத்தனை கண்டிப்பாகச் சொல்வது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் தானாகக் கரையும் பொருட்கள்தானே சிறந்த வழி?

ஆசையான யோசனை. தையல் நூலில் அருமையாக வேலை செய்கிறது. பாலிகிளைகாலிக் அமிலமும் பாலிலாக்டிக் அமிலமும் நீரால் சிறுகச் சிறுக உடைந்து, உடலுக்கு ஏற்கெனவே பழக்கமான வழியில் வெளியேறும். ஆனால் தடித்த துண்டாக இருந்தால் உள்ளே அமிலம் தேங்கி, திசுவை உறுத்தும். மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வரும். வேகமாகக் கரைந்தால் தோலுக்கடியில் குமிழ் கட்டும்.

கரையும் வேகமும் ஆறும் வேகமும் கைகோத்துப் போக வேண்டும். கரையும் இதய ஸ்டென்ட் ஒன்று பெரும் எதிர்பார்ப்போடு வந்து 2017இல் விற்பனையிலிருந்து நின்றது. உலோக ஸ்டென்ட் கம்பி ஏறக்குறைய 80 மைக்ரான் தடிமன் என்றால், அதே வலுவுக்காக இதற்கு ஏறக்குறைய 150 மைக்ரான் தேவைப்பட்டது. தடித்த கம்பியைச் சுற்றி ரத்த ஓட்டம் கலங்கி, உறைவு அதிகமானது.

எல்லாம் சரியாகச் செய்தும் தொற்று வருகிறதே, ஏன்?

ஒரு நூலிழை உள்ளே இருப்பதே கணக்கை மாற்றிவிடும். 1957இல் தன்னார்வலர்களிடம் செய்த சோதனையில், தோலில் சீழ் வைக்கப் பல லட்சம் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டுத் தையல் நூல் ஒன்று இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. கிருமிகள் பொருளின்மேல் ஒட்டி, பிசின் போன்ற படலம் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்ளும். ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக வேலை செய்யாது. பல நேரம் இம்பிளாண்ட்டையே எடுக்க வேண்டியதாகிவிடும்.

அமெரிக்க எலும்பு மருத்துவர் அந்தோணி கிரிஸ்டினா 1987இல் இதை மேற்பரப்புக்கான ஓட்டப்பந்தயம் என்றார். நம் செல் முதலில் இடம்பிடித்தால் பிழைத்தோம். சிக்கல் என்னவென்றால், எலும்பு செல்லுக்குப் பிடித்த சொரசொரப்பு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். இம்பிளாண்ட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் சிமென்ட்டில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கலப்பது, வெள்ளி பூசுவது எல்லாம் இதற்காகத்தான். சில்வண்டின் சிறகில் இருக்கும் நானோ ஊசிகள், வந்து ஒட்டும் சில வகை பாக்டீரியாக்களின் சவ்வைக் கிழித்துக் கொல்வதை 2012இல் கண்டுபிடித்தார்கள். அதே அமைப்பை டைட்டானியத்தில் வரவழைக்கும் முயற்சிகள் நடக்கின்றன.

புகைப்பிடித்தல், சர்க்கரை நோய் பாதிக்குமா?

பாதிக்கும். இரண்டும் சிறு ரத்தக்குழாய்களையும் ஆறும் திறனையும் குறைக்கும், தொற்று வாய்ப்பைக் கூட்டும். அறுவை சிகிச்சைக்கு முன் புகையை விடுவதும் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் நோயாளியின் கையிலேயே இருக்கும் உதவிகள்.

எம்ஆர்ஐ எடுக்கலாமா?

டைட்டானியத்தைக் காந்தம் இழுக்காது. படத்தில் அந்த இடம் மட்டும் கலங்கலாம். பேஸ்மேக்கர் போன்ற மின்கருவிகளுக்குத் தனி விதிகள் உண்டு. இம்பிளாண்ட்டோடு தரும் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து ஸ்கேன் எடுப்பவரிடம் காட்டுங்கள்.

ஒரு புதிய பொருளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

ஐஎஸ்ஓ 10993 என்ற தரநிலைத் தொகுப்பு இருக்கிறது. செல் வளர்ப்பில் நச்சு இருக்கிறதா, ஒவ்வாமை வருமா, ரத்தத்தை என்ன செய்கிறது, விலங்கின் உடலில் மாதக்கணக்கில் எப்படி இருக்கிறது என்று படிப்படியாகப் போகும். ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு வீக்கமும் தெரியாது, இருபது வருடத் தேய்மானமும் தெரியாது. உண்மை வெளிப்படுவது மனிதர்களிடம்தான். ஸ்வீடன் 1979இல் இடுப்பு மூட்டு மாற்று செய்தவர்களுக்கு நாடு தழுவிய பதிவேடு தொடங்கியது. எந்த மூட்டு எத்தனை வருடம் உழைக்கிறது என்று அதில் தெரிந்தது. ஆய்வகத்தில் எத்தனை நுணுக்கமான கருவி வாங்கினாலும், அப்படி ஒரு பதிவேட்டுக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னும் தீராத சிக்கல் எது?

நார்த்திசு உறைதான். மூளையின் மின் சமிக்ஞையைப் படிக்க உள்ளே வைக்கும் ஊசி போன்ற மின்முனை சிலிக்கானில் ஆனது என்றால், அது மூளைத் திசுவைவிட லட்சக்கணக்கான மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் மூளை லேசாக அசையும், ஊசி அசையாது. சுற்றிலும் தழும்பு வளர்ந்து, மாதங்கள் செல்லச் செல்ல சமிக்ஞை மங்கும். அதனால் மென்மையான, வளையும் மின்முனைகளைச் செய்துபார்க்கிறார்கள்.

தோலுக்கடியில் சர்க்கரை அளக்கும் சென்சாருக்கும் இதே கதி. உறை கட்டிவிட்டால் சர்க்கரை அதைத் தாண்டி வரத் தாமதமாகும், அளவு பிசகும். பல சென்சார்களை ஒன்றிரண்டு வாரத்தில் மாற்ற வேண்டியிருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நேர், எதிர் மின்னூட்டம் இரண்டையும் சம அளவில் கொண்ட ஒருவகை நீர்க்கூழில் புரதங்கள் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. எலிகளின் தோலுக்கடியில் மூன்று மாதம் வைத்திருந்தும் அதைச் சுற்றி உறை கட்டவில்லை என்று 2013இல் வெளியிட்டார்கள். இன்னொரு பக்கம், 30 முதல் 40 மைக்ரான் வரை ஒரே அளவில் துளைகள் கொண்ட பொருட்களில், மேக்ரோஃபேஜ்கள் துளைக்குள் குடியேறி, உறை கட்டாமல் ரத்தக்குழாய்களை வரவைக்கின்றன. ஒன்று புரதத்தையே அண்டவிடாத வழி, மற்றொன்று செல்லை வீட்டுக்குள் அழைக்கும் வழி. வருடக்கணக்கில் உடலுக்குள் இருந்து துல்லியமாக அளக்கும் ஒரு சென்சாரை இந்த இரண்டில் எது முதலில் தரும் என்று நானும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.